கச்சான் காற்றில் வற்றிய ஓர்கிட்: கல்லடியில் ஒன்பது மாதம்

ஜூலை கடைசி வாரம். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று உச்சத்தில் வீசிக்கொண்டிருந்தது. மட்டக்களப்புக் கல்லடியில் பெரியம்மா வீட்டுக் கேற்றைத் திறந்ததும் கண்ணில் பட்டது விறாந்தை வளையில் தொங்கிய ஓர்கிட் சாடிதான். கம்பியில் கிறுகிறுவென்று சுழன்றுகொண்டிருந்தது. சாடியில் பாரம் இருந்தால் அப்படிச் சுழலாது. கையால் பிடித்து நிறுத்தினேன். வெறும் சிரட்டையைத் தூக்கின மாதிரி இருந்தது.

மார்ச் மாதம் முழங்கால் சத்திரசிகிச்சைக்காகப் பெரியம்மா வத்தளையில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனபோது இது பூவோடு நின்றது. வெள்ளை இதழ், ஓரத்தில் ஊதா. நம் பக்கத்து வீடுகளில் சாதாரணமாகக் காணும் டென்ட்ரோபியம் கலப்பினம், அரிய சாதி ஒன்றுமில்லை. ஆனால் பெரியப்பா இருந்த காலத்தில் இரண்டு பேரும் பேராதனைப் பூங்காவுக்குப் போய், ஓர்கிட் மண்டபத்தைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் தெருவோரத்தில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் மட்டக்களப்புவரை கொண்டுவந்த செடி. பன்னிரண்டு வருடமாக வீட்டில் ஒரு ஆள் மாதிரி. வத்தளையிலிருந்து போன் எடுத்தால் கடைசியில் அதைப் பற்றிக் கேட்காமல் பெரியம்மா வைப்பதில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போவார் என்று சொன்னார்கள். செடியைப் பார்த்த நேரம் எனக்கு அதை நம்ப முடியவில்லை. பதினொரு தண்டில் எட்டு மொட்டை. மூன்று தண்டில் மட்டும் இலை, அதுவும் எல்லாம் சேர்த்து ஐந்து. அந்த இலைகள் பழைய செருப்புத் தோல்போல் மடிந்து, தொட்டால் குளிர்ச்சியே இல்லாமல் கிடந்தன. தண்டுகளில் மேலிருந்து கீழாக ஆழமான வரிகள், காய்ந்த முருங்கைக்காயில் விழுமே, அதே மாதிரி. டென்ட்ரோபியம் தன் தண்ணீரையும் உணவையும் சேமித்து வைப்பது அந்தத் தண்டில்தான். தண்டு வற்றுகிறது என்றால் சேமிப்பைச் செலவழித்துச் சாப்பிடுகிறது என்று அர்த்தம்.

அன்று இரவு பெரியம்மா கேட்டார். "செத்துப் போயித்தா மனே?"

"இல்ல பெரியம்மா, உசிர் கிடக்கு."

அதைச் சொன்னபோது எனக்கே நிச்சயம் இல்லை.

தராசு சொன்னது

முதல் நாள் நானும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். கிணற்றில் ஒரு வாளி அள்ளி, கோப்பை கோப்பையாக ஊற்றினேன். தண்ணீர் அடியில் உள்ள துளையால் ஓடி வந்தது. நன்றாக நனைந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் ஏதோ ஒரு சந்தேகம். குசினியில் மா நிறுக்கிற தராசை எடுத்து வந்து சாடியை வைத்தேன், 640 கிராம். இரண்டு கோப்பை ஊற்றி வடியவிட்டு மறுபடி வைத்தேன், 655. அரை லீற்றருக்குக் கிட்ட ஊற்றியதில் உள்ளே நின்றது 15 கிராம்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஊற்றியது உண்மைதான் என்று அப்போதுதான் விளங்கியது. சாடிக்குள் இருந்தது பழைய தேங்காய்ப் பொச்சும் தும்பும். தும்பு ஈரமாக இருக்கும்வரை பஞ்சுபோல உறிஞ்சும். ஒருதரம் முற்றாகக் காய்ந்து இறுகிவிட்டால் லேசில் தண்ணீர் பிடிக்காது. மேலே ஊற்றுவது சாடியின் சுவருக்கும் கட்டிக்கும் இடையில் உள்ள நீக்கலால் வழிந்து நேரே நிலத்துக்குப் போய்விடும். நான்கு மாதமாக அவர் விறாந்தைச் சீமெந்துக்குத்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். செடிக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

தராசு இல்லாமல் இது தெரிந்திருக்காது. ஓர்கிட் வளர்க்கிற யாரும் கேட்டால் உரத்துக்கு முன்னால் ஒரு தராசு வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். விரலை உள்ளே விட்டுப் பார்ப்பது மேல் ஒரு அங்குலத்தின் கதையைத்தான் சொல்லும்.

சரி, அமிழ்த்திவிடுவோம் என்று பேசினில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பப் போனபோது இன்னொன்றைக் கண்டேன். சாடியின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்துபோய் ஒரு படிவு. நகத்தால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்தேன். உப்பு.

கிணறு

கல்லடியின் நிலத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல், நடுவில் மணல். மாரியில் பெய்கிற நல்ல நீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் ஒரு படையாக மிதந்து நிற்கும். நாம் கிணற்றில் அள்ளுவது அந்தப் படையை. மழை விட்ட பிறகு அது மெலிந்துகொண்டே போகும். ஆடி, ஆவணியில் வாளி இறங்கும் ஆழத்தில் சவர் ஏறிவிடும். 2004 ஆழிப்பேரலையில் கரையோரக் கிணறுகளுக்குள் கடலே வந்துபோனது. அதற்குப் பிறகு தன் கிணறு பழைய மாதிரி இனிக்கவில்லை என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்வார்.

மீன் தொட்டி வைத்திருக்கிற நண்பர் ஒருவரிடம் தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கிற பேனை மாதிரிக் கருவி ஒன்று இருந்தது. வாங்கி வந்து முக்கினேன். கிணற்று நீர் 1340 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 1340 பங்கு. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வருகிற பைப் 118. ஓர்கிட்காரர்கள் பலரும் 200க்குக் கீழே வைத்திருக்கப் பார்ப்பார்கள். ஏனென்றால் இவை மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு, மழையையும் பனியையும் குடித்து வாழ்ந்த இனம். மண்ணில் வேர்விட்டுப் பழகியவை அல்ல.

பள்ளிக்கூடத்தில் பிரசாரணம் படித்தோமே, அதுதான் இங்கே நடந்தது. வேருக்கு வெளியே உப்புக் கூடினால் தண்ணீர் உள்ளே போக மாட்டாது. இன்னும் மோசமானால் உள்ளே இருப்பதும் வெளியே இழுபடும். ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் தண்ணீர் காய்ந்து போய்விடும், உப்பு மட்டும் தும்பில் தங்கும். தாகத்தில் இருப்பவனுக்குக் கடல் தண்ணீரைக் கொடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் நாள் நானே ஒரு வாளி கொடுத்திருக்கிறேன் என்று நினைக்க நெஞ்சு கனத்தது.

அன்றிலிருந்து பைப் தண்ணீர் மட்டும். முதல் நாள் மாலை வாளியில் பிடித்துத் திறந்து வைத்துவிட்டு அடுத்த நாள் பாவிப்பேன், குளோரின் கொஞ்சம் பறந்துவிடும்.

வேர்

முதலில் சாடியை அப்படியே பைப் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தேன். தும்புக் கட்டியிலிருந்து குமிழிகள் மேலே வந்துகொண்டே இருந்தன. எடுத்து வடித்து நிறுத்தபோது 890 கிராம். 250 கிராம் தண்ணீர் இப்போதுதான் உள்ளே போயிருக்கிறது. காய்ந்த வேரை இழுத்தால் முறியும். ஊறிய பிறகு வளைந்து கொடுக்கும். ஆகவே பிரிப்பதற்கு முன் ஊறவைப்பது இரண்டு வகையில் நல்லது.

சாடியின் உள்சுவரில் வேர்கள் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. கத்தியைச் சுவரோடு சாய்த்து மெல்ல மெல்லச் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் போனது. பழைய பொச்சு கையில் தூளாக உதிர்ந்தது. முழுவதையும் கொட்டிவிட்டு, செடியைத் தண்ணீரில் அலசி, பழைய பத்திரிகை மேல் வைத்தேன்.

இலை சோர்ந்து தண்டு வற்றியிருந்தால் உடனே தண்ணீர் போதாது என்று முடிவு கட்டக்கூடாது. தண்ணீர் கூடி வேர் அழுகினாலும் மேலே இதே தோற்றம்தான். இரண்டிலும் செடிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. வித்தியாசத்தை வேர் மட்டும்தான் சொல்லும். அழுகின வேர் கறுத்து, நசுக்கினால் சளியாக வழியும், மணக்கும். இங்கே மணம் இல்லை. பெரும்பாலான வேர்கள் தட்டையாகி, கடதாசிக் குழாய்போல் வெறுமையாக இருந்தன. பிடித்து இழுத்தால் மேல் உறை கழன்று கையோடு வந்தது, உள்ளே ஒரு நூல் மட்டும் மிஞ்சியது. தண்ணீரின்றிச் செத்த வேர் அப்படித்தான் இருக்கும்.

ஒவ்வொன்றாகப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து அமத்திப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஐம்பது வேர். அமத்தினால் அமர்ந்து போகாமல் திரும்பி விரலைத் தள்ளியது ஆறு. ஒன்று சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

அந்த ஆறையும் ஒரு கோப்பைத் தண்ணீரில் விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஓர்கிட் வேரின் மேல் ஒரு பஞ்சுப் படை உண்டு, வெலமன் என்பார்கள். செத்த கலங்களால் ஆனது. காய்ந்திருக்கும்போது காற்று நிரம்பி வெள்ளிபோல் சாம்பலாகத் தெரியும். தண்ணீர் ஏறினால் கண்ணாடி மாதிரியாகி உள்ளே இருக்கும் பச்சையத்தைக் காட்டும். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு வேரின் நடுவில் கடுகளவு ஒரு பச்சைப் புள்ளி. அது பரந்தது. பக்கத்தில் இன்னொன்று. எண்ணெய் பட்ட கடதாசியில் ஈரம் ஊருவதுபோல இரண்டு பக்கமும் ஊர்ந்து, சில நிமிடத்தில் அந்த வேர் முழுதும் பச்சை. மற்ற ஐந்தும் திட்டுத் திட்டாக அதன் பின்னால் வந்தன. பெரியம்மாவுக்குச் சொன்னது பொய்யில்லை என்று அப்போதுதான் மனம் ஆறியது.

வெட்டு

கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி, ஆறவிட்டு, செத்த வேர்களை வெட்டினேன். வெட்டிய முனைகளில் மட்டும் கறுவாத் தூள் தொட்டு வைத்தேன். கறுவா பூஞ்சணத்தைத் தடுக்கும், ஆனால் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். உயிரோடு இருக்கும் வேரில் அதைத் தூவினால் கிடைத்த ஆறும் போய்விடும். இந்த இடத்தில் பலரும் தாராளமாகக் கொட்டுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

இலையில்லாத எட்டுத் தண்டையும் என்ன செய்வது? வெட்டி எறியச் சொன்னவர்கள் உண்டு. நான் ஒன்றை மட்டும்தான் எடுத்தேன், அது பழுப்பு நிறமாகி உள்ளே கோறையாக இருந்தது. மற்ற ஏழும் வற்றியிருந்தாலும் பச்சை. இலையில்லாத தண்டும் சும்மா நிற்பதில்லை. அதில் இருக்கிற கடைசிச் சொட்டுச் சத்தும் புதுக் குருத்துக்குப் போகும். அடியில் உறங்கிக் கிடக்கும் கண்கள் இருக்கும். வேரில்லாத செடிக்கு அதுதான் வங்கிப் புத்தகம்.

உரம் எதுவும் போடவில்லை. மெலிந்த செடியைக் கண்டால் சத்துக் கொடுக்கத்தான் கை போகும். ஆனால் உரமும் உப்புத்தான். ஏற்கெனவே உப்பில் அடிபட்ட வேருக்கு அது நஞ்சு.

சட்டி

புதுச் சாடிக்கு நான் தேர்ந்தெடுத்தது தயிர்ச் சட்டி. மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதற்காகக் காசு செலவழிக்கத் தேவையில்லை. எருமைத் தயிர் வாங்குகிற ஒவ்வொரு வீட்டிலும் கிணற்றடியில் நாலைந்து வெறுஞ்சட்டி கிடக்கும். ஆழமில்லை, வாய் அகலம், மெருகில்லாத மண். காற்றுப் போகும். அடியில் துளை போடுவதுதான் பாடு. ஆணியும் சுத்தியலும் வைத்து அடித்த முதல் சட்டி இரண்டாகப் பிளந்தது. இரண்டாவதை ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, சுவர் துளைக்கிற அலகைத் துரப்பணத்தில் பூட்டி, அடிக்கும் விசையை நிறுத்திவிட்டு மெதுவாகச் சுழற்றினேன். ஐந்து துளை, ஒரு கீறல் இல்லை.

உள்ளே போட்டது மூன்று பங்கு விறகுக் கரி, பெருவிரல் அளவுத் துண்டுகள். இரண்டு பங்கு உடைந்த கூரை ஓடு. ஒரு பங்கு மட்டும் பொச்சு. பொச்சை இரண்டு சென்ரிமீற்றர்த் துண்டுகளாக வெட்டி, பத்து நாள் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றினேன். பொச்சிலும் உப்பும் சாயமும் இருக்கும். முதல் நாள் தண்ணீர் கடும் தேயிலைச் சாயம், பத்தாவது நாள் கிட்டத்தட்டத் தெளிவு. கருவியை வைத்துப் பார்த்தபோது பைப் தண்ணீரைவிட 20 மட்டும் கூட. அந்தப் பத்து நாளும் செடியை வெறுங்கரித் துண்டுகளின் மேல் கிடத்தி, காலையும் மாலையும் இருபது நிமிடம் வேரை மட்டும் தண்ணீரில் விட்டு எடுத்தேன்.

வைக்கும்போது செடி அசையக்கூடாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. ஆறு வேர் ஒரு செடியைப் பிடித்து நிறுத்தாது. கச்சானில் ஆடினால் புதிதாக வரும் வேர் நுனி கரியில் உரசி முறியும். நுனி போனால் அந்த வேர் பெரும்பாலும் அந்த இடத்தோடு நின்றுவிடும். மூங்கில் குச்சி மூன்றைச் சட்டிக்குள் முக்கோணமாக ஊன்றி, பழைய சாரத்தைக் கிழித்த நாடாவால் தண்டுகளைக் கட்டினேன். நைலோன் கயிறு வெட்டிவிடும், துணி வெட்டாது. தண்டின் அடிக்கழுத்தைக் கரியின் மட்டத்துக்கு மேலேயே வைத்தேன். புதைத்தால் அழுகும்.

இடம்

விறாந்தையில் திரும்பத் தொங்கவிடவில்லை. அங்கே மேற்கிலிருந்து வருகிற கச்சான் நேரே அடிக்கும். பகலில் 35 பாகைக்கு மேல் போகிற நாட்களில் அந்தக் காற்று ஈரத்துணியை ஒரு மணி நேரத்தில் முறுக்கிக் காய வைத்துவிடும். கிணற்றடியில் மாமர நிழலில், கிழக்குச் சுவரோரம், அகலமான தட்டில் செங்கற்களைப் பரப்பி, அவை பாதி நனையத் தண்ணீர் விட்டு, அதன்மேல் சட்டியை வைத்தேன். சட்டி தண்ணீரில் முட்டக்கூடாது. ஈரம் மேலெழுந்தால் போதும். பக்கத்தில் குரோட்டன் சாடிகளையும் நெருக்கி வைத்தேன்.

செடியைப் பொலித்தீன் பைக்குள் கட்டி மூடிவைத்தால் வேர் வரும் என்று ஒருவர் சொன்னார். குளிர் நாட்டில் நடக்கலாம். முறிந்து விழுந்த தண்டுத் துண்டு ஒன்றை அப்படி வைத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் வெள்ளைப் பூஞ்சணம். நம் சூட்டில் மூடிய பை இட்லிச் சட்டிதான்.

ஆவணி, புரட்டாதி

காலை ஆறரைக்குத் தண்ணீர். மாலை நான்குக்கு வேருக்கு மட்டும் ஒரு தெளிப்பு, இருட்ட முன் இலை காய்ந்துவிட வேண்டும். மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. இருந்த ஐந்து இலையில் இரண்டு மஞ்சளாகி விழுந்தன. அந்த நாட்களில் தினமும் பார்த்துப் பார்த்து மனம் சோர்ந்தது. அதனால் கண்ணை நம்பாமல் நூலை நம்பினேன். நடுத் தண்டின் தடித்த இடத்தில் பேனையால் புள்ளி வைத்து, தையல் நூலால் சுற்றி அளந்தேன். ஆகஸ்ட் 10இல் 4.1 சென்ரிமீற்றர். ஆகஸ்ட் 31இலும் 4.1. செப்ரெம்பர் 14இல் 4.3. அக்ரோபர் முடிவில் 4.8. வரிகள் முற்றாகப் போகவில்லை, ஆனால் ஆழம் குறைந்துவிட்டது. மடிந்த இலைகள் கடைசிவரை நிமிரவில்லை. ஒருதரம் மடிந்த இலை நிமிராது, அதைப் பார்த்துக் கவலைப்படுவதில் பயனில்லை.

செப்ரெம்பர் நடுவில் முன் தண்டின் அடியில் ஒரு கண் வீங்கி, பயறு அளவில் பச்சையாக எட்டிப் பார்த்தது. பத்து நாளில் அது ஒரு கூர். அதே வாரம் மொட்டைத் தண்டு ஒன்றின் உச்சியில் ஒரு குட்டிச் செடி முளைத்தது. கெய்க்கி என்று ஓர்கிட்காரர்கள் சொல்வது இதைத்தான், ஹவாய் மொழியில் பிள்ளை என்று பொருள். கஷ்டப்பட்ட டென்ட்ரோபியம் அடியில் நம்பிக்கையில்லாவிட்டால் தலையில் பிள்ளை வைக்கும். அதை நான் தொடவில்லை.

புதுக் குருத்து நான்கு விரல் உயரம் வந்தபோது அதன் அடியிலிருந்து வேர் புறப்பட்டது. நுனி இளம்பச்சை, பின்னால் வெள்ளை. மூன்று வேர், இரண்டு மாதமாகக் காத்திருந்தது இதற்குத்தான். பழைய ஆறு வேரும் உயிரைப் பிடித்து வைத்தன, அவ்வளவுதான். செடியை எழுப்பப் போவது இந்த மூன்று.

அதற்குப் பிறகுதான் உரம். நைதரசனும் பொசுபரசும் பொற்றாசியமும் சம அளவில் உள்ள 20-20-20, பெட்டியில் போட்டிருந்த அளவில் நாலில் ஒன்று, வாரம் ஒருமுறை, முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டு. மாதத்தில் ஒருநாள் வெறும் தண்ணீரைச் சட்டி வழிய வழிய விட்டுக் கழுவுவேன்.

மாரி

அக்ரோபர் கடைசியில் பெரியம்மா வந்து சேர்ந்தார். ஊன்றுகோலோடு நேரே கிணற்றடிக்குத்தான் போனார். குனிய முடியாது. சட்டியைத் தூக்கி அவர் கண் மட்டத்துக்குக் காட்டினேன். புதுக் குருத்தைத் தொடவில்லை, தொடப்போன விரலை ஒரு அங்குலத்தில் நிறுத்திக்கொண்டார்.

"தயிர்ச் சட்டியிலயா வெச்ச?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் மழை பிடித்தது. பீலியின் கீழே முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாவது மழையைப் பிடித்து அளந்தேன், 9 பிபிஎம். கடல் காற்றில் கூரையில் படிந்திருக்கும் உப்பை முதல் மழை கழுவிப் போகட்டும். இரண்டு பெரிய பிளாஸ்டிக் பரல் மூடியோடு நிரப்பி வைத்தோம். அடுத்த கச்சானுக்கு அது.

தாகத்தில் கிடந்த செடிக்கு மாரியும் ஒரு சோதனைதான். நான்கு நாள் விடாமல் பெய்ததில் இலையில்லாத தண்டு ஒன்று அடியில் கறுத்து மெத்தென்றாகிவிட்டது. அன்றே, நல்ல பகுதியையும் ஒரு விரல்கடை சேர்த்து வெட்டி, கறுவா தொட்டு, விறாந்தையின் உள்பக்கம் கொண்டுவந்து மூன்று நாள் தண்ணீர் காட்டவில்லை. கறுப்பு அடுத்த தண்டுக்குப் போகவில்லை. அதன் பிறகு மாரி முடியும்வரை செடி கூரைக்குக் கீழே, வாடைக்காற்றுப் படும் இடத்தில் இருந்தது.

இன்னொரு இழப்பு நவம்பரில். மூன்று புது வேரில் ஒன்றின் நுனி காலையில் பார்த்தால் இல்லை, சட்டியின் மேல் பளபளவென்று ஒரு தடம். ஓடில்லாத நத்தை. பகலில் ஓட்டுத் துண்டுகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். இரவு ஒன்பது மணிக்கு வெள்ளரிக்காய்த் துண்டொன்றைச் சட்டியில் வைத்து, பதினொன்றுக்கு டோர்ச்சோடு போனேன். மூன்று இரவில் ஒன்பது பிடித்தோம், அதில் நான்கைக் கண்டுபிடித்தது பெரியம்மா, கதிரையில் இருந்தபடியே டோர்ச் அடித்து. நுனி போன வேர் அப்படியே நிற்கவில்லை, இரண்டு வாரத்தில் பக்கத்தில் ஒரு கிளை விட்டது.

சித்திரை

புதுத் தண்டு பெப்ரவரியில் வளர்ந்து முடிந்தது. 31 சென்ரிமீற்றர், ஏழு இலை. பழைய தண்டுகளைவிடக் கட்டைதான், ஆனால் வரியே இல்லாமல் மொழுமொழுவென்று நிற்கிறது. அதன் பக்கத்தில் இரண்டாவது குருத்தும் கிளம்பிவிட்டது. வேர்கள் சட்டிக்கு வெளியே எட்டிப் பார்க்கின்றன. இப்போது நிறுத்தால் நனைந்த சட்டி 1,420 கிராம், 1,250க்கு இறங்கினால் தண்ணீர். பெரியம்மாவுக்குத் தராசு தேவைப்படவில்லை. சட்டியின் கீழே உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்துச் சொல்வார். மூன்று தரம் சரிபார்த்தேன், 20 கிராமுக்கு மேல் பிழைத்ததில்லை.

பங்குனி முடிவில் புதுத் தண்டின் உச்சியில் பூங்காம்பு வந்தது. இப்போது விரல் நீளம், ஐந்து மொட்டு. நலிந்து எழும்பின செடியில் முதல் பூவை வெட்டிவிட்டால் அந்தச் சத்து அடுத்த தண்டுக்குப் போகும் என்பது வளர்ப்பவர்கள் பலர் சொல்லும் முறை. என் எண்ணமும் அதுதான். கத்தரிக்கோலை நெருப்பில் காட்டக் குசினிக்குப் போனதைப் பெரியம்மா கண்டுவிட்டார்.

"வெட்டிராத மனே. அவர் வாங்கித் தந்த பூ. ஒருக்காப் பாத்துட்டு வெட்டுவம்."

சரி என்றேன். ஐந்தும் விரிந்து ஒரு கிழமை நிற்கட்டும், அதற்குப் பிறகு வெட்டிப் பெரியப்பாவின் படத்துக்கு வைப்பது என்று பேசி முடித்தோம். கெய்க்கியின் வேர் ஐந்து சென்ரிமீற்றர் தாண்டிவிட்டது. நேற்று அதைத் தாய்த் தண்டிலிருந்து வெட்டிப் பிரித்து, சிறிய தயிர்ச் சட்டியொன்றில் கரி நிரப்பி நட்டு, என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெரியம்மா கூடவே இரண்டு போத்தல் மழைத் தண்ணீரும் தந்துவிட்டார்.